தந்திக் கம்பி போன வழி

1914 அக்டோபர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் டியேகோ கார்சியா தீவுக்கு ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் வந்து நங்கூரம் பாய்ச்சியது. தீவு பிரிட்டிஷாருடையது. மொரீஷியஸிலிருந்து நிர்வகிக்கப்பட்ட அந்த இடத்தில் தென்னந்தோப்பும் எண்ணெய் ஆட்டும் வேலையும் தவிர வேறொன்றும் இல்லை. தோப்பின் அதிகாரிகள் படகேறி வந்து ஜெர்மானியர்களை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டு பத்து வாரங்கள் ஆகியிருந்தன. அவர்களுக்கு அது தெரியாது. வந்தவர்கள் அதைச் சொல்லவும் இல்லை. தீவில் பழுதாகிக் கிடந்த மோட்டார் படகு ஒன்றைக் கப்பலின் மெக்கானிக்குகள் சரிசெய்து கொடுத்தார்கள். பன்றியும் மீனும் பழங்களும் கப்பலுக்கு வந்தன. கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டி, நிலக்கரி நிரப்பிக்கொண்டு மறுநாள் அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

அந்தக் கப்பலின் பெயர் எம்டன். பதினேழு நாட்களுக்கு முன்புதான் அது சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு வந்திருந்தது.

டியேகோ கார்சியாவில் போர் நடக்காததற்குக் காரணம் எளியது. அங்கே கடலடித் தந்திக் கம்பி இல்லை, கம்பியில்லாத் தந்தி நிலையமும் இல்லை. முதல் உலகப் போர் ஏன் தொடங்கியது என்று நூறாண்டுகளுக்கும் மேலாக நூலகம் நூலகமாக எழுதிக் குவித்துவிட்டார்கள். எது வழியாகப் பரவியது என்ற கேள்விக்கு அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. ஆஸ்திரிய இளவரசர் ஒருவரை ஒரு போஸ்னியப் பையன் சுட்டதற்கும், பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய பட்டாளம் ஒன்று கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் சிதறி ஓடியதற்கும் நடுவே இருப்பது தந்திக் கம்பி, ரயில் தண்டவாளம், நிலக்கரிக் கிடங்கு ஆகிய மூன்றும்தான். அரசர்களின் ஆத்திரமும் தளபதிகளின் அவசரமும் இவற்றின் வழியாகத்தான் ஓடின.

ஐரோப்பியச் சண்டை நம் கரைக்கு வருவது புதிதும் அல்ல. ஆஸ்திரியாவின் அரியணை மரியா தெரசாவுக்கா இல்லையா என்று 1740களில் ஐரோப்பாவில் அடித்துக்கொண்டபோது, அந்தச் சாக்கில் 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். அப்போது செய்தி பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் வந்தது. 1914இல் மறுபடியும் ஆஸ்திரிய அரியணைக்கு வாரிசாக இருந்தவரை முன்னிட்டு ஒரு சண்டை. இம்முறை செய்தி மணிக்கணக்கில் வந்துவிட்டது.

சரயேவோ கதை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கிக்கொள்கிறேன். 1914 ஜூன் 28 அன்று காலை இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் ஊர்வலத்தின்மீது ஒரு குண்டு வீசப்பட்டுக் குறி தவறியது. பயணப் பாதையை மாற்றினார்கள். மாற்றியதைக் கார் ஓட்டுநரிடம் சொல்ல மறந்தார்கள். அவர் பழைய பாதையில் திரும்பி, தவறு தெரிந்து காரை நிறுத்திய இடத்தில் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் நின்றுகொண்டிருந்தான். இளவரசரும் அவருடைய மனைவி சோஃபியும் இறந்தார்கள். ஓட்டுநர் தவறாகத் திரும்பியதால் உலகப் போர் வந்தது என்று சொல்வது கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் கொலைக்கும் முதல் போர் அறிவிப்புக்கும் இடையே சரியாக ஒரு மாதம் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து வரும் கோபத்தை விபத்துக் கணக்கில் எழுத முடியாது.

அந்த மாதத்தில் வியன்னா என்ன செய்துகொண்டிருந்தது? கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று சொல்லி, அதை ஒடுக்க இதுவே சமயம் என்று முடிவெடுத்து, ஜூலை 5, 6 தேதிகளில் பெர்லினிடம் 'என்ன செய்தாலும் உடன் நிற்கிறோம்' என்ற உறுதியை வாங்கிக்கொண்டது. அதன் பிறகும் காத்திருந்தது. படைவீரர்களில் பெரும்பகுதியினர் அறுவடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். போதாததற்கு, பிரான்ஸ் குடியரசுத் தலைவர் புவான்காரே ரஷ்யத் தலைநகரில் விருந்தாளியாக இருந்தார். அவர் இருக்கும்போது இறுதி எச்சரிக்கை விடுத்தால் செர்பியாவுக்குத் துணை நின்ற ரஷ்யாவும் அதன் கூட்டாளியான பிரான்சும் நேருக்கு நேர் உட்கார்ந்து கலந்து பேசிவிடும். அவர் கப்பலேறும் நேரத்தைக் கணக்குப் பார்த்து, ஜூலை 23 மாலை 6 மணிக்கு செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் கடிதம் கொடுக்கப்பட்டது. பதில் சொல்ல 48 மணி நேரம். செர்பியா கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. ஆஸ்திரிய அதிகாரிகள் தன் மண்ணில் வந்து விசாரணையில் பங்கேற்பதை மட்டும் ஏற்கவில்லை. பதிலை ஜூலை 28 காலையில் படித்த ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம், இதற்கு மேல் போருக்குக் காரணமே இல்லை என்ற பொருளில் ஓரத்தில் குறித்து வைத்தார். அன்று முற்பகலிலேயே ஆஸ்திரியா-ஹங்கேரி போர் அறிவித்துவிட்டது, சாதாரணத் தந்தி மூலமாக. தூதர் யாரும் வராமல் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த போர் அறிவிப்பைக் கண்டு செர்பியப் பிரதமர் பாஷிச் இது யாரோ செய்த குறும்பாக இருக்குமோ என்று சந்தேகித்தார்.

அடுத்த ஒரு வாரம் தந்தி அலுவலகங்களின் வாரம். ரஷ்ய ஜாரும் ஜெர்மன் பேரரசரும் 'நிக்கி' என்றும் 'வில்லி' என்றும் கையெழுத்திட்டு ஆங்கிலத்தில் மாறி மாறித் தந்தி அடித்துக்கொண்டார்கள். உறவுக்காரர்கள் அல்லவா. ஜூலை 29 அன்று ஜார், விவகாரத்தை ஹேக் நடுவர் மன்றத்துக்கு விடலாம் என்றுகூட எழுதினார். மறுநாளே அவருடைய தளபதிகள் முழுப் படைத்திரட்டலுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ரஷ்யா பெரிய நாடு, ரயில் பாதை குறைவு, படை திரள நாளாகும். ஆகவே முந்திக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ரஷ்யா திரள நாளாகும் என்பதுதான் ஜெர்மனியின் கணக்கும். அந்த இடைவெளியில் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து பிரான்ஸை வீழ்த்திவிட்டு, பிறகு ரயிலில் கிழக்கே திரும்பலாம் என்பது அவர்கள் வைத்திருந்த திட்டம். எவன் எத்தனை மணிக்கு எந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும் என்பதுவரை அட்டவணை தயார். இப்படி இரண்டு அட்டவணைகள் எதிரெதிரே நிற்கும்போது ஒருவர் பெட்டி கட்டினாலே மற்றவருக்குக் காலம் போய்விடுகிறது.

ஆகஸ்ட் 1 மாலை, பிரான்ஸைத் தொடாவிட்டால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்பதுபோல் லண்டனிலிருந்து ஒரு செய்தி வந்தது. வில்ஹெல்ம் உற்சாகமாகித் தளபதி மோல்ட்கேவிடம் படை முழுவதையும் கிழக்கே திருப்பச் சொன்னார். முடியாது என்றார் மோல்ட்கே; பத்து லட்சம் பேரை நினைத்த மாத்திரத்தில் திருப்பினால் மிஞ்சுவது படையாக இருக்காது, கும்பலாக இருக்கும். அதற்குள் ஒரு சிறு படைப்பிரிவு லக்சம்பர்க் எல்லையைத் தாண்டி ஓர் ஊரைப் பிடித்துவிட்டது. அந்த ஊரில் ரயில் நிலையமும் தந்தி அலுவலகமும் இருந்தன. பிடித்தது தவறு, திரும்புங்கள் என்று உத்தரவு போய், அவர்களும் திரும்பினார்கள். லண்டன் செய்தி பொய்த்தது. மறுநாள் லக்சம்பர்க், 3ஆம் தேதி பிரான்ஸ்மீது போர் அறிவிப்பு, 4ஆம் தேதி பெல்ஜியத்துக்குள் நுழைவு. பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்பதாக 1839இல் கையெழுத்திட்டிருந்த பிரிட்டன், அன்றிரவு 11 மணிக்குப் போரில் இறங்கியது.

இதுவரை இது ஐரோப்பியப் போர். உலகப் போரானது அடுத்த சில மணி நேரங்களில்.

பிரிட்டன் செய்த முதல் போர்ச் செயல் பீரங்கி வெடித்ததல்ல. ஆகஸ்ட் 5 விடியற்காலையில் 'அலெர்ட்' என்ற கேபிள் கப்பல் ஆங்கிலக் கால்வாய்க்குப் போய், கடலடியில் கிடந்த ஜெர்மனியின் ஐந்து தந்திக் கம்பிகளைக் கொக்கியால் இழுத்து அறுத்துப் போட்டது. பீரங்கியே இல்லாத பழைய கப்பல். வேலையோ சில மணி நேரம். அன்றிலிருந்து ஜெர்மனி வெளியுலகத்தோடு பேச வேண்டுமானால் கம்பியில்லாத் தந்தியை நம்ப வேண்டும், இல்லையேல் அடுத்தவர் கம்பியை இரவல் கேட்க வேண்டும். இந்த இரவல் கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

பிரிட்டனின் கம்பிகளோ உலகைச் சுற்றியிருந்தன. அதே ஆகஸ்ட் 5 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் துறைமுகத்திலிருந்து 'ஃபால்ட்ஸ்' என்ற ஜெர்மன் சரக்குக் கப்பல் கிளம்பி, குடாவின் வாயை நெருங்கிக்கொண்டிருந்தது. போர்ச் செய்தி தந்தியில் வந்து கரைக் கோட்டைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கோட்டைப் பீரங்கி கப்பலின் முன்னால் ஒரு குண்டைப் போட்டது, கப்பல் திரும்பியது. இன்னும் சிறிது முன்னால் கிளம்பியிருந்தால் தப்பியிருக்கும். லண்டனிலிருந்து பூமியின் மறுபக்கத்துக்குப் போர் வந்து சேர ஒரு பகல்கூட ஆகவில்லை.

கம்பி அறுந்த ஜெர்மனிக்கு மிஞ்சியவை கம்பியில்லாத் தந்திக் கோபுரங்கள். அவை எங்கெல்லாம் இருந்தனவோ அங்கெல்லாம் போர் போனது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இது வெட்டவெளிச்சம். மேற்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மனியின் வசமிருந்த டோகோலாந்தில் கமினா என்ற இடத்தில் பெர்லினுக்கு அருகிலிருந்த நாவென் நிலையத்தோடு நேரடியாகப் பேசக்கூடிய பெரிய நிலையம் இருந்தது. தென் அட்லாண்டிக்கில் திரிந்த ஜெர்மன் கப்பல்களுக்கு அதுவே காது. கோல்ட் கோஸ்ட்டிலிருந்து (இன்றைய கானா) பிரிட்டிஷ் படையும் தஹோமேயிலிருந்து (இன்றைய பெனின்) பிரெஞ்சுப் படையும் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குள்ளேயே அங்கே நுழைந்துவிட்டன. இந்தப் போரில் பிரிட்டிஷ் தரைப்படையின் சார்பாக முதல் தோட்டாவைச் சுட்டவர் என்று சொல்லப்படுபவர் ஆங்கிலேயர் அல்லர். கோல்ட் கோஸ்ட் படையைச் சேர்ந்த அல்ஹாஜி குருன்ஷி என்ற ஆப்பிரிக்கர். பெல்ஜியத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் துப்பாக்கியைத் தூக்கியது ஆகஸ்ட் 22இல்தான். கமினா நிலையத்தை எதிரியிடம் விடாமல் ஜெர்மானியர்களே தகர்த்துவிட்டு, ஆகஸ்ட் 26 அன்று சரணடைந்தார்கள்.

பசிபிக்கிலும் அதே கதை. சமோவா, நவுரு, யாப், ராபால் என்று ஜெர்மனி தீவுக்குத் தீவு கோபுரம் நட்டு வைத்திருந்தது. அவற்றைப் பிடிப்பது 'பெரிய, அவசரமான பேரரசுப் பணி' என்று லண்டன் தந்தியடித்தது. ஆகஸ்ட் 29 அன்று நியூசிலாந்துப் படை சமோவாவில் சண்டையே இல்லாமல் இறங்கியது. நியூகினிப் பக்கம் பீட்டா பாக்கா நிலையத்துக்குப் போகும் காட்டுப் பாதையில் செப்டம்பர் 11 அன்று சண்டை நடந்து ஆஸ்திரேலியர்கள் ஆறு பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலியா இந்தப் போரில் கொடுத்த முதல் உயிர்கள் ஒரு தந்திக் கோபுரத்துக்காகப் போனவை.

ஜப்பான் வந்த விதம் வேறு. ஜெர்மன் கப்பல்களைத் தேடக் கொஞ்சம் கடற்படை உதவி கேட்டது பிரிட்டன். ஜப்பான் அதைப் பிடித்துக்கொண்டு சீனாவில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்டாவ் துறைமுகத்தையே கேட்டது. பதறிப்போன பிரிட்டன் 'இவ்வளவு வேண்டாம்' என்று இழுத்துப் பார்த்தது, யார் கேட்டார்கள்? ஆகஸ்ட் 23 அன்று போர் அறிவித்து, நவம்பர் 7 அன்று சிங்டாவைப் பிடித்தது ஜப்பான். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருந்த ஜெர்மன் தீவுகளும் அதன் கைக்குப் போயின. நடுநிலை நாடாக இருந்த சீனாவின் மண்ணில் இரு அந்நியர்கள் சண்டையிட்டு, ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக்கொண்டார்.

சிங்டாவ் பறிபோகும் என்று தெரிந்ததும் அங்கே தளம் வைத்திருந்த ஜெர்மன் கிழக்காசியக் கடற்படைப் பிரிவு வீடில்லாத பிரிவாகிவிட்டது. அதன் தலைவர் அட்மிரல் ஷ்பே தென் அமெரிக்காவை நோக்கிக் கிளம்பினார். சிலி கடற்கரையில் கொரோனெல் அருகே நவம்பர் 1 அன்று வென்றார். டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்து தீவுகளின் அருகே தம் இரு மகன்களோடு மூழ்கினார். போர் தென் அமெரிக்கக் கரைக்கும் போய்விட்டு வந்தாயிற்று. அவர் தனியே பிரித்து அனுப்பிய ஒரு கப்பல்தான் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது.

எம்டனின் கதையைச் சாகசமாகச் சொல்வது வழக்கம். அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் துணிச்சல்காரர் என்பதில் சந்தேகமில்லை. மூன்று புகைபோக்கி கொண்ட கப்பலுக்கு நான்காவதாகப் போலிப் புகைபோக்கி ஒன்றைக் கட்டி, பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றச் செய்தார்கள். என் கண்ணில் முதலில் படுவது அவருடைய நிலக்கரிக் கவலை. நீராவிப் போர்க்கப்பலுக்குத் தீனி தீராது; இந்தியப் பெருங்கடலில் கொழும்பு, ஏடன், சிங்கப்பூர் என்று நிலக்கரி கிடைக்கும் துறைமுகமெல்லாம் பிரிட்டனுடையவை. பிடித்த கப்பலிலிருந்து எடுத்தால்தான் உண்டு. வங்காளத்தில் ஏற்றிய நிலக்கரி கிடைத்தது. அது கரும்புகை கக்கிக் காட்டிக்கொடுக்கும், வேகமும் வராது. மினிக்காய் பக்கம் பிடித்த 'புரெஸ்க்' என்ற கப்பலில் 6,000 டன்னுக்கும் மேல் நல்ல வேல்ஸ் நிலக்கரி இருந்தது. அந்த ஒரு கப்பல்தான் எம்டனின் ஆயுளை நீட்டியது.

செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் அது சென்னைக்கு முன்னால் வந்து நின்றபோது ஊர் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கமும் எரிந்தது. போர் நடக்கிறது என்று தெரிந்த நகரம்தான். இங்கே வரும் என்று எவரும் நினைக்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் இரண்டு பற்றி எரிந்தன; சிலர் உயிரிழந்தார்கள். கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டவை எதுவும் கப்பல்மீது படவில்லை. போர்க் கணக்கில் இது சிறு சேதம். முல்லர் குறிவைத்தது எண்ணெயை மட்டுமல்ல, வெள்ளைக்காரனின் கடலை யாரும் தொட முடியாது என்ற எண்ணத்தையும்தான். அதில் வென்றார். ரயில் நிலையங்களில் கூட்டம் முண்டியடித்தது. ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்ப நாளானது. குண்டு விழுந்த இடத்தை உயர்நீதிமன்ற மதிலில் ஒரு கல்வெட்டு இன்றும் காட்டுகிறது. கெட்டிக்காரனை, எமகாதகனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் தமிழில் நிலைத்துவிட்டது.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார், குண்டு வீசும் இடத்தை அவர்தான் காட்டினார் என்று ஒரு கதை நம்மிடையே ஓடுகிறது. அந்தச் செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கைக்கு இந்தக் கற்பனை தேவையே இல்லை.

எம்டன் பிறகு பினாங்கில் ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. அதன் முடிவு எங்கே வந்தது என்று பாருங்கள்: கோகோஸ் தீவுகளில், ஒரு கடலடித் தந்தி நிலையத்தில். ஆஸ்திரேலியாவை ஆசியாவோடும் ஆப்பிரிக்காவோடும் இணைத்த கம்பிகள் கூடும் இடம் அது. நவம்பர் 9 காலை முல்லர் அதை அழிக்கச் சுமார் ஐம்பது பேரைக் கரைக்கு அனுப்பினார். அவர்கள் வந்து சேர்வதற்குள் நிலைய ஊழியர்கள் 'அந்நியக் கப்பல் நுழைகிறது' என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். கோபுரத்தைச் சாய்க்கும்போது டென்னிஸ் மைதானத்தின்மீது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊழியர்கள் கேட்டுக்கொண்டதாகவும் ஜெர்மானியர்கள் அதற்கு இணங்கியதாகவும் சொல்வார்கள். செய்தி கேட்டு, அருகே படைக்கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' விரைந்து வந்தது. எம்டனில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரைக்குப் போன ஐம்பது பேர் ஒரு பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு தப்பி, சுமத்ரா, அரேபியா வழியாக மறு ஆண்டு இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தது தனிக் கதை.

இஸ்தான்புல் என்றதும் துருக்கி. உதுமானியப் பேரரசு போருக்கு வந்ததில்தான் இந்தப் போர் உண்மையிலேயே விரிந்தது. பிரிட்டிஷ் கப்பல் தளங்களில் துருக்கிக்காக இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் கட்டி முடிந்திருந்தன. அவற்றுக்கான பணத்தில் ஒரு பகுதி ஊர் ஊராக மக்களிடம் திரட்டியது. கப்பலை ஓட்டிப்போகத் துருக்கிய மாலுமிகள் நூற்றுக்கணக்கானோர் வந்து காத்திருந்தார்கள். போர் வரும் வேளையில் சர்ச்சிலின் கடற்படை அமைச்சகம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. காசு கொடுத்தவர்களின் வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள், பிரிட்டிஷ் கடற்படையின் துரத்தலிலிருந்து தப்பிய 'கோபென்', 'பிரெஸ்லாவ்' என்ற இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஆகஸ்ட் 10 அன்று தார்தனெல்ஸ் நீரிணைக்கு வந்து சேர்ந்தன. ஜெர்மனி அவற்றைத் துருக்கிக்கே 'விற்றது'. பெயர் மாறியது, கொடி மாறியது. ஜெர்மன் மாலுமிகள் தலையில் துருக்கித் தொப்பி ஏறியது. அட்மிரல் மட்டும் அதே ஜெர்மானியர். அக்டோபர் 29 அன்று அந்தக் கப்பல்கள் கருங்கடலுக்குள் போய் ரஷ்யத் துறைமுகங்களைச் சுட்டன. நவம்பர் தொடக்கத்தில் ரஷ்யாவும் பிரிட்டனும் பிரான்சும் துருக்கிமீது போர் அறிவித்தன.

துருக்கிக்கு ஜெர்மனியோடு ஆகஸ்ட் 2 முதலே இரகசிய உடன்படிக்கை இருந்தது, எனவே இரு கப்பல் விவகாரம் வெறும் சாக்குதான் என்பவர்கள் உண்டு. அப்படியானால் மூன்று மாதம் ஏன் இழுத்தடித்தார்கள் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

பிரிட்டன் தரப்பும் வெகுளியல்ல. ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கைப் பிரிட்டிஷ் அரசே வாங்குவதற்கு 1914 ஜூன் 17 அன்று, சரயேவோவுக்குப் பதினொரு நாள் முன்பு, நாடாளுமன்றக் கீழவை சம்மதித்திருந்தது. நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த கடற்படைக்கு அபாடான் சுத்திகரிப்பு ஆலை உயிர்நாடி. துருக்கி போருக்கு வருமுன்பே பம்பாயிலிருந்து இந்தியப் படை ஒன்று பாரசீக வளைகுடாவுக்குப் போய்க் காத்திருந்தது. நவம்பர் 6 அன்று துருக்கியின் வசமிருந்த ஃபாவ் முனையில் இறங்கியது. அந்த மாதமே பாஸ்ரா வீழ்ந்தது. எண்ணெயைக் காக்கப் போனவர்கள் அத்தோடு நிற்காமல் பாக்தாத் ஆசையில் மேலே மேலே போய், 1916 ஏப்ரலில் கூட் நகரில் முற்றுகைப் பட்டினிக்குப் பிறகு ஏறத்தாழ 13,000 பேராகச் சரணடைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

இந்தியாவைப் போரில் சேர்க்க எந்த இந்தியரையும் கேட்கவில்லை. அரசர் அறிவித்தார், வைஸ்ராய் ஹார்டிஞ்ச் வழிமொழிந்தார், முடிந்தது. 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள், 74,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. செப்டம்பர் முடிவதற்குள் முதல் படைகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கிவிட்டன.

அக்டோபரில் பம்பாயிலிருந்து கிளம்பிய இன்னொரு படை கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே ஜெர்மன் ஆளுநர் ஷ்னே சண்டையே வேண்டாம் என்று நினைத்தவர். காங்கோ வடிநிலப் பகுதிகளை ஐரோப்பியப் போர்களிலிருந்து விலக்கி வைக்கலாம் என்று 1885ஆம் ஆண்டு பெர்லின் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவும் இருந்தது. ஜெர்மன் படைத்தலைவர் லெட்டோ-ஃபோர்பெக் அதைச் சட்டை செய்யவில்லை, பிரிட்டனும் செய்யவில்லை. நவம்பர் 2 அன்று டாங்கா துறைமுகத்துக்கு ஏறத்தாழ 8,000 பேர் வந்தார்கள். ஊர் தாக்கப்படாது என்ற பழைய ஏற்பாடு ரத்து என்று பிரிட்டிஷ் கப்பல் தலைவர் முறைப்படி முன்கூட்டியே அறிவித்துவிட்டார்! கிடைத்த அவகாசத்தில் லெட்டோ-ஃபோர்பெக் கிளிமஞ்சாரோ பக்கத்திலிருந்து ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஆயிரத்துச் சொச்சம் பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்க அஸ்காரி வீரர்கள்.

வாரக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் வாந்தியெடுத்துக் கிடந்த இந்தியப் படையினர் ரப்பர்த் தோட்டத்துக்குள் நுழைந்தபோது இயந்திரத் துப்பாக்கிகளோடு தேனீக்களும் சேர்ந்து துரத்தின. 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படை அங்கே நிலைகுலைந்தது. தென்னிந்தியனுக்குச் சண்டை வராது என்ற வெள்ளை அதிகாரிகளின் பழைய பல்லவிக்கு இது தீனி போட்டது. உளவும் பார்க்காமல், பயிற்சியும் கொடுக்காமல் கொண்டுபோய் இறக்கிய ஜெனரல் ஐட்கெனின் பங்கை அந்தப் பல்லவி கண்டுகொள்ளவில்லை. மூன்றே நாளில் கப்பலேறியவர்கள் விட்டுச்சென்ற துப்பாக்கிகளையும் 6 லட்சம் தோட்டாக்களையும் வைத்துக்கொண்டு லெட்டோ-ஃபோர்பெக் அடுத்த நான்கு ஆண்டுகளை ஓட்டினார்.

பிறகு வந்தவர்கள் பேரம் பேசி வந்தார்கள். இத்தாலி ஜெர்மனியின் கூட்டாளி. கூட்டணி தற்காப்புக்குத்தான் என்று ஒதுங்கி நின்று, 1915 மேயில் எதிர்ப்பக்கம் சேர்ந்தது. பல்கேரியா, போர்ச்சுகல், ருமேனியா ஒவ்வொன்றும் நேரம் பார்த்து இறங்கின. விரிவாகச் சொல்லத் தகுந்தது அமெரிக்கா மட்டும்தான், ஏனென்றால் அங்கே 'அலெர்ட்' அறுத்த கம்பி மறுபடி தலைகாட்டுகிறது.

1917 ஜனவரியில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன், மெக்சிகோவுக்கு இரகசியமாக ஓர் ஆசை காட்ட விரும்பினார்: அமெரிக்கா போருக்கு வந்தால் எங்களோடு சேருங்கள், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளலாம். அனுப்பச் சொந்தக் கம்பி இல்லை. சமாதானப் பேச்சு என்ற பெயரில் ஜெர்மனிக்கு அமெரிக்கா தன் தூதரகத் தந்தி வழியை இரவல் கொடுத்திருந்தது. சிம்மர்மன் அமெரிக்காவுக்கு எதிரான சதியை அமெரிக்காவின் கம்பியிலேயே அனுப்பினார். அந்தக் கம்பி லண்டன் வழியாகப் போனது. 'அறை 40' என்று அழைக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படையின் மறைகுறிப் பிரிவு அதை எடுத்துப் படித்தது. நட்பு நாட்டின் தந்தியை ஒட்டுக் கேட்டோம் என்று சொல்ல முடியாதே. ஆகவே மெக்சிகோ நகரத் தந்தி அலுவலகத்திலிருந்து ஒரு நகலைப் பெற்று அதைக் காட்டினார்கள். மார்ச் 1 அன்று செய்தித்தாள்களில் வெளிவந்தது. போலி என்று மறுத்திருந்தால் பாதி அமெரிக்கர்கள் நம்பியிருப்பார்கள். சிம்மர்மன் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கப்பல்களை மூழ்கடிப்பதும் சேர்ந்துகொள்ள, ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது. சயாம், சீனா, லைபீரியா, பிரேசில் என்று வரிசை அதே ஆண்டில் நீண்டது. லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவை 1918 ஏப்ரலில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி சுட்டதும் அங்கிருந்த பிரெஞ்சுத் தந்தி நிலையத்துக்காகத்தான்.

ஐரோப்பாவில் 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. லெட்டோ-ஃபோர்பெக்கும் அவருடைய ஆட்களும் அப்போது வட ரொடீசியாவின் காட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். கம்பி எட்டாத இடம். நவம்பர் 13 அன்று கசாமா என்ற ஊரைப் பிடித்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த பிரிட்டிஷ் தூதரிடமிருந்த தந்தி மூலம்தான் போர் முடிந்த செய்தி தெரிந்தது. அபர்கார்ன் என்ற ஊரில், இன்றைய ஜாம்பியாவின் ம்பாலாவில், நவம்பர் 25 அன்று 155 ஜெர்மானியர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அஸ்காரிகளும் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள்.

ரயிலும் சாலையும் இல்லாத அந்தக் காடுகளில் இரு தரப்புக்கும் உணவையும் தோட்டாவையும் தலையில் சுமந்தவர்கள் ஆப்பிரிக்கச் சுமைகூலிகள். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் நோயிலும் பசியிலும், மடிந்தார்கள். பெரும்பாலோர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. அவர்களைப் பிரிட்டிஷார் 'கேரியர் கோர்' என்று அழைத்தார்கள். அந்த ஆங்கிலச் சொல் உள்ளூர் நாவில் திரிந்து, இன்றைக்கும் நைரோபியில் கரியாகோர் என்றும் டார் எஸ் சலாமில் கரியாகூ என்றும் சந்தைப் பேட்டைகளின் பெயராக இருக்கிறது.